ஒற்றுமையாக வாழ்ந்ததற்கான சான்றிதழ்

மொன்றியலுக்கு நான் வந்தது விருந்தாளியாக. விசாவில் அப்படித்தான் போட்டிருந்தது. தாலி கட்டியவர் வீட்டுக்கே விருந்தாளியாகப் போகிறவள் என்று என் தங்கைகள் இருவரும் விமான நிலையத்தில் கேலி செய்தார்கள். பின்னால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்போதெல்லாம் விருந்தாளியாக வந்துவிட்டு, இங்கே இருந்தபடியே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போடலாம். என் கணவருக்கு அந்த அனுமதி ஏற்கெனவே இருந்தது. மனைவிக்காக அவர் ஒரு மனு கொடுத்தால் போதும், எனக்கும் கிடைத்துவிடும். எங்கள் ஆட்கள் அதைப் 'பேப்பர்' என்றுதான் சொல்வார்கள். பார்க்கிற இடத்திலெல்லாம் பேப்பர் வந்தாச்சா என்று கேட்பார்கள். புதிதாகக் கல்யாணமானவளிடம் 'ஏதாவது விசேஷம் உண்டா' என்று ஊரில் கேட்பார்களே, அதே குரலில்.

அவர் மொன்றியலுக்கு வெளியே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த விவசாயக் கல்லூரியில் மண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மூன்று வார விடுப்பில் சென்னைக்கு வந்து, அரை மணி நேரம் என்னைப் பார்த்து, பன்னிரண்டாம் நாள் தாலி கட்டினார். நல்ல மனிதர். குடிக்கமாட்டார், அதட்டமாட்டார், சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார். பேசவும் மாட்டார். மண்ணை மூன்று தடவை எடை போட்ட பிறகுதான் ஒரு எண்ணை நோட்டில் எழுதுவார். வார்த்தைகளையும் அப்படித்தான் செலவழித்தார். சனிக்கிழமை கடைக்குப் போகலாமா என்று வியாழக்கிழமை கேட்டால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷூவைக் கழற்றிக்கொண்டே "போலாம்" என்பார். எதற்குப் போகலாம் என்கிறார் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

நானோ வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள். கோபமும் அதிகம். பாத்திரங்களை நங்கென்று வைப்பேன், அழுவேன், ஊருக்குப் போகிறேன் என்பேன். அவர் சத்தமில்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விடுவார். ஒரு பிப்ரவரி மாத மாலையில், பனி ஒட்டிய பூட்ஸோடு வாசலிலேயே நின்று சொன்னார்.

"நீ கெட்டவ இல்ல. நானும் கெட்டவன் இல்லன்னுதான் நெனைக்கிறேன். ஆனா வீட்டுக்குத் திரும்பி வர்றப்ப வயித்தப் பிசையுது."

"நீங்க கதவத் தொறக்கிற சத்தம் கேட்டா எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றேன். சொன்ன பிறகு நானே திடுக்கிட்டேன். அவர் தலையாட்டினார். அன்றைக்கு இருவரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

பிரிந்துவிடலாம் என்று முடிவு செய்வது எளிதாக இருந்தது. பேப்பர்தான் சிக்கல். என் விண்ணப்பம் அவர் மனைவி என்ற ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிந்தது தெரிந்தால் மனு விழுந்துவிடும், நான் விமானம் ஏற வேண்டியதுதான். திரும்பிப் போனால் எனக்குக் கிடைக்கப்போகும் பட்டம் வாழாவெட்டி. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் காத்திருந்தார்கள். அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போயிருந்தது. அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் வெட்கமில்லை, இன்றைக்கும் இல்லை.

"பேப்பர் வர்ற வரைக்கும் யாருக்கும் சொல்ல வேணாம். வந்தப்புறம் உன் இஷ்டம்" என்றார் அவர். பெரிய மனது. வேறொருவராக இருந்தால் டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்திருப்பார்.

ஆனாலும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் மே மாதம் முதல் தேதியன்று மொன்றியலே வீடு மாறும். வாடகை ஒப்பந்தமெல்லாம் ஒரே நாளில் முடிவதால், தெருவெங்கும் மெத்தையும் அடுப்பும் குளிர்பெட்டியுமாக மனிதர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக, இரண்டு பெட்டியும் ஒரு பிரஷர் குக்கருமாக நானும் நகரத்துக்குள் வில்லரே பகுதியில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனேன். பெட்டிகளைத் தூக்கி வந்தது என் கணவர்தான். வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி, குக்கரை வைத்துவிட்டு, "வெயிட்ட மறக்காம கொண்டுவந்தியா?" என்று கேட்டார். கொண்டுவரவில்லை. மறுநாள் அதற்காகவே அவ்வளவு தூரம் வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தார், கணவரை இழந்தவர். அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது, எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் நான் பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும் என்ற நிலையில் இருந்தேன். அவரும் என்னைப் போலத்தான் என்பது இரண்டே நாளில் தெரிந்தது. அவர் சூப்புக்கு வாங்குகிற மஞ்சள் பட்டாணியில் நான் சாம்பார் வைத்தேன். பருப்பு, உப்பு, மழை, முட்டிவலி, பக்கத்து வீட்டுக்காரியின் திமிர் என்று வரிசையாகக் கற்றுக்கொண்டேன். இலையுதிர் காலம் வருவதற்குள், மூலையிலிருந்த டெப்பனர் என்கிற பெட்டிக்கடையில் பால் புளித்துவிட்டது என்று சண்டை போடும் அளவுக்கு பிரெஞ்சு வந்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் என் கணவர் காரில் வந்து என்னை ஏற்றிக்கொள்வார். அப்போது மொன்றியலில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்திருக்கலாம். டாக்டர்கள், பொறியாளர்கள், பேராசிரியர்கள். வாரம் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். நாங்கள் ஜோடியாகப் போய் இறங்குவோம். காரில் நாங்கள் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. ஒரே வீட்டில் இல்லாததாலோ என்னவோ, அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தது, எனக்கும் கேட்கப் பொறுமை இருந்தது. எங்களைப் பார்த்து மற்ற பெண்கள் தங்கள் கணவன்மாரை இடித்துக் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருக்கும்.

அந்தக் கூட்டத்துக்கு மூத்தவர் ஒரு கணிதப் பேராசிரியர். எல்லோருக்கும் அவர் சார். ஊரில் அரசுக் கல்லூரி முதல்வராக இருந்தவர். கனடாவுக்கு வந்தபோது தன் பதவி முத்திரையையும் பச்சை மைப் பேனாவையும் மறக்காமல் கொண்டுவந்துவிட்டார். யாருக்குப் பேப்பர் விஷயம் வந்தாலும், சான்றிதழ் நகல்களில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கூடவே ஒரு நன்னடத்தைச் சான்றிதழும் தட்டச்சு செய்து கொடுப்பார். இங்கே எந்த அலுவலகமும் அதைக் கேட்டதில்லை. கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? பச்சை மை இல்லாத விண்ணப்பத்தை அனுப்ப எங்களில் யாருக்கும் தைரியம் கிடையாது.

நேர்முகத்துக்கு வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்த வாரம், விருந்து சார் வீட்டில். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் ஒரு தாளை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி வாசித்தார். இந்தத் தம்பதியரைத் தனக்கு நேரடியாகத் தெரியும் என்றும், இவர்கள் ஒரே இல்லத்தில் முன்மாதிரியான ஒற்றுமையுடன் வாழ்ந்து வருகிறார்கள் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கணவர் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றி சார்" என்று நான்தான் வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

கிளம்பும்போது சாரின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், மிச்சமிருந்த புளியோதரையைக் கட்டிக் கொடுத்தார். என் கணவர் வெள்ளந்தியாக, "ரெண்டா கட்டிக் குடுங்கக்கா" என்றார். அக்காவின் கை நின்றது. என் கணவர் கோட்டை எடுக்கப் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எத்தன மாசமா?"

"மே மாசத்துலேருந்து."

அக்கா இரண்டு பொட்டலமாகவே கட்டினார். "சார்கிட்ட மூச்சு விட்டுராத. கையெழுத்துப் போட்டுட்டாரு, தாங்கமாட்டாரு" என்றார்.

நேர்முகத்துக்கு நாங்கள் மெட்ரோவில் போனோம். என் அறை வரைக்கும் காரில் வந்துவிடுவார், நகரத்தின் நடுமையத்தில் ஓட்ட அவருக்குப் பயம். வழியெல்லாம் நான் அவருக்குப் பொய் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனேன். வீட்டு முகவரி கேட்டால் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்று சொல்லுங்கள், அதற்கு மேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் நிலையங்களின் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தார். அது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். என் கோப்பைப் புரட்டியவர் சாரின் சான்றிதழில் நின்றார். பச்சைக் கையெழுத்தையும் வட்ட முத்திரையையும் உற்றுப் பார்த்தார். இவர் யார், நீதிபதியா, பாதிரியாரா என்று கேட்டார். கணித வாத்தியார் என்றேன். அவருக்கு அந்தத் தாள் பிடித்துப்போய்விட்டது போலிருந்தது. அதை எங்கள் பக்கம் தள்ளி, இதில் இருப்பது உண்மை என்று அடியில் இருவரும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், வேலை முடிந்தது என்றார்.

அதைவிடச் சுலபமாக ஒரு பேப்பர் யாருக்கும் கிடைத்திருக்காது. பேனாவை முதலில் என் கணவரிடம்தான் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். தாளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். ஓர் எண்ணை எழுத மூன்று தடவை எடை போடுகிற மனிதர், எனக்காக ஒரு பொய்யை எழுதப் போகிறார். மாட்டேன் என்று சொல்லியிருக்கமாட்டார். எழுதியே இருப்பார். பிறகு ஆயுசுக்கும் அதை நினைத்து வெந்துகொண்டிருப்பார். அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மேசைமேல் வைத்தேன்.

"இதில் இருப்பது உண்மையில்லை" என்றேன். ஆங்கிலத்தில் தொடங்கியது எப்போது பிரெஞ்சுக்கு மாறியது என்று தெரியவில்லை. மே மாதம் பெட்டி தூக்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியார் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர்மேல் கோபப்படாதீர்கள் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

அதிகாரி மனுவை மூடி ஓரமாக வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மனைவி என்ற முறையில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். பிறகு, இந்த பிரெஞ்சை எங்கே படித்தாய் என்று கேட்டார். கீழ் வீட்டில் என்றேன். பட்டம் உண்டா, தட்டச்சுத் தெரியுமா என்று கேட்டார். நாங்கள்தான் எதையும் விட்டுவைக்காத ஆட்களாயிற்றே! தட்டச்சு ஹையர், சுருக்கெழுத்து, பி.எஸ்ஸி., பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிப் பரிசு வரைக்கும் எல்லாம் பச்சை மையோடு கோப்பில் இருந்தன. தனியாளாகவே விண்ணப்பம் போடலாம், வேலை தருவதாக ஒரு கடிதம் வேண்டும் என்றார். அப்புறம் என் கணவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இவரோடு வாழ்ந்தவர் நீங்கள். இவர் தனியாக இந்த ஊரில் பிழைத்துக்கொள்வாரா?"

என் கணவர் பேச ஆரம்பித்தார். நம்புங்கள், பத்து நிமிடம் பேசினார். ஏழு வருடமாக இங்கே இருக்கிறேன், எனக்கு பிரெஞ்சில் விலைகூடக் கேட்கத் தெரியாது, இவள் ஒரே வருடத்தில் சண்டை போடுகிறாள் என்றார். எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதை எனக்கு இவள் சொல்லித்தான் தெரியும் என்றார். முதல் குளிரில் வீட்டு ஹீட்டர் நின்றபோது நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன், இவள் போய் நான்கு வீட்டுக் கதவைத் தட்டி ஆளைக் கூட்டிவந்துவிட்டாள் என்றார். பொய் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்ற நேரத்தில்கூட இவள் என்னிடம் உண்மையைத்தான் சொன்னாள் என்றார். "தனியாகப் பிழைக்க முடியுமா என்று எனக்கு என்னைப் பற்றித்தான் பயம். இவளைப் பற்றி இல்லை" என்று முடித்தார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பேப்பர் வந்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பதைக்க வேண்டாம். வீட்டுக்கார அம்மாளின் தம்பி செயின்ட்-மிஷேலில் மேசை நாற்காலிக் கடை வைத்திருந்தார். அவருக்கு ஆங்கிலக் கடிதம் எழுத ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலைக் கடிதத்தோடு விண்ணப்பித்தேன், குளிர் விடுவதற்குள் என் பெயரிலேயே பேப்பர் வந்தது. சாரிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். நான்கு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் போன் செய்து, தனியாளுக்கான சான்றிதழ் ஏதாவது தேவைப்படுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அன்றைக்கு அந்த அலுவலகத்தைவிட்டு வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று நான் அழுதேன். சந்தோஷமா ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆத்திரம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"இவ்வளவும் மனசுல இருந்ததா? வீட்ல ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"நீ கேக்கலையே. அவரு கேட்டாரு."

ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை பேசியவள் நான். அரிசி தீர்ந்ததா, கடிதம் வந்ததா, ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறீர்கள் என்று ஓயாமல் கேட்டிருக்கிறேன். என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பதில் மோசமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

மெட்ரோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, இப்போதாவது கேட்டுவிடுவோம் என்று கேட்டேன்.

"நான் வீட்ட விட்டுப் போனதுல உங்களுக்கு வருத்தமா?"

அவர் யோசித்தார். நான் குறுக்கே பேசவில்லை. இரண்டு நிலையங்கள் போயின.

"வருத்தம் இருக்கு" என்றார். "ஆனா இப்பல்லாம் நல்லாத் தூக்கம் வருது."

பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்துவிட்டேன். "எனக்கும்தாங்க" என்றேன்.