பாலைவனத்தில் எங்கள் மூப்பர்

வன்னியில் போர் முடிந்ததென்று செய்தி வந்த வாரம் இது. இந்த மாதம் யாரும் கொண்டாட்டம், சுற்றுலா எதுவும் வைக்கக்கூடாது என்று டென்மார்க்கில் எங்கள் தமிழ்ச் சபையில் அறிவித்தார்கள்.

நான் பிராண்டேயில் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்துவிட்டேன். பள்ளத்தாக்குகளைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்குப் போன வருடமே வாக்குக் கொடுத்திருந்தேன்.

இன்று மதியம் செம்மண் பாலைவனத்தில் ஒரு சின்ன ஊர். ஒரே தெரு, ஒரே பெட்ரோல் நிலையம். தண்ணீர்ப் போத்தலுக்குக் கை நீட்டினேன்.

"அது சூடாக் கிடக்கு தம்பி. கீழ்த்தட்டிலை எடுங்கோ."

திரும்பினால், எங்கள் சபை மூப்பர். டென்மார்க்கில் ஸ்கீவ ஊர்க்காரர். அந்த அறிவிப்பை வாசித்தவரே அவர்தான். தலையில் கௌபாய் தொப்பி.

"காய்ச்சல் எப்பிடி?"

"பரவாயில்லை அண்ணை. நீங்கள் இங்கை?"

"பிள்ளையளின்ரை ஆசைக்கு வந்தனான்."

"நானும் அதுக்குத்தான்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "தங்கச்சி குடும்பம் முகாமுக்கு வந்து சேர்ந்ததோ எண்டு இன்னும் தெரியேல்லை. இங்கை போனும் எடுபடுதில்லை."

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தோம். தங்கச்சியின் பெயர் வந்த இடத்தில் அவரால் தொடர முடியவில்லை. மீதியை நான் சொன்னேன். காருக்குள்ளிருந்து பிள்ளைகள் டேனிஷில் அவசரப்படுத்தினார்கள்.

"டென்மார்க்கிலை ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ" என்றார். நானும் அதையே கேட்டேன். கைகொடுத்துக்கொண்டோம்.

அதற்குள் எங்கள் மனைவிமார் பள்ளத்தாக்கு பின்னால் தெரிய, சேர்ந்து படம் எடுத்துவிட்டார்கள். அந்தப் படம் டென்மார்க்குக்குப் போய்ச் சேருவதற்கு முன் நானே இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணை, உங்கள் பெயரைப் போடவில்லை. தயவுசெய்து இந்தப் பதிவுக்குக் கீழே முதல் ஆளாக வந்து பதில் எழுதிவிடாதீர்கள்.