உபதேசியார் கேட்ட குற்றப்பத்திரிகை

சபை நிர்வாக விதிகள், பதினேழாவது விதி: சபை ஊழியர் எவரையும், அவர் மீதுள்ள குற்றச்சாட்டை எழுத்து மூலம் கொடுத்து, பதில் சொல்லப் பதினான்கு நாள் அவகாசம் அளித்து, அவர் விரும்பினால் நேரிலும் விசாரித்த பிறகல்லாமல், பணியிலிருந்து நீக்கக்கூடாது.

ஆங்கிலத்தில் இருந்த விதிகளைத் தமிழாக்கிக் கொடுத்தவன் நான்தான். 'பிறகல்லாமல்' என்ற சொல்லில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமை இருந்தது. விதியைப் பின்பற்றுவது தமிழாக்கத்தில் சேராது என்று நினைத்திருந்தேன் போலும்.

தென்காசியில் எங்கள் சபை ஒரு சின்ன மிஷனைச் சேர்ந்தது. அந்த மிஷனே இப்போது இல்லை. நான் சர்க்கார் அலுவலகத்தில் ஹெட்கிளார்க், சபைக் கமிட்டிக்குச் சம்பளமில்லாத செயலாளர். வார நாளில் சர்க்காருக்கு, ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு. இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான்: வந்த தாளுக்கு எண் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளுவது. குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தியவர் உபதேசியார்.

உபதேசியார் ராயகிரிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது தாண்டியவர். பெரிய படிப்பு இல்லை. ஆனால் எபிரேயத் தீர்க்கதரிசிகளை, பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்களைப் போலத் தெரியும். அவர்களில் ஒருவர், கர்த்தர் தம் ஜனத்தின் நடுவிலேயே இருக்கிறார், காலைதோறும் தம் நியாயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார், ஒரு நாளும் தவறுவதில்லை என்கிறார். இதை உபதேசியார் வருடத்துக்கு நாலைந்து முறையாவது பிரசங்கிப்பார். காலைதோறும் என்றால் எத்தனை மணிக்கு என்று நான் ஒரு முறை கேட்டேன். "உங்க ஆபீஸ் தொறக்கதுக்கு முன்னாலயே ஐயா" என்றார்.

1958இல், கார் நெல் அறுப்பு முடிந்து புரட்டாசியில் நடந்த அறுப்பின் பண்டிகையில்தான் விவகாரம் தொடங்கியது.

எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுவருவார்கள். கைப்பிடி அரிசி என்று பெயர். அதை அளந்து, விலையைக் கோவில் கணக்கில் வரவு வைத்து வாங்கிக்கொள்பவர் பொருளாளர் அண்ணாச்சி. பஜாரில் அவருக்கு அரிசிக் கடை. அளப்பது அவர் படியில். அந்தப் படி கொஞ்சம் தாராளமாகவே கொள்ளும் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வீட்டில் பத்துப் படி அளந்து கொண்டுவந்தது கோவிலில் ஒன்பதாகிவிடும். யாரும் கேட்டதில்லை. கடவுளுக்குக் கொடுத்தது, கடவுள் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள்.

அன்று உபதேசியார் எடுத்துக்கொண்டது இன்னொரு தீர்க்கதரிசியை. அதில் கடவுளுக்குத் தம் ஜனத்தோடு ஒரு வழக்கு இருக்கிறது. மலைகளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன், வாயைத் திறந்து சொல் என்று ஜனத்தைக் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் குற்றச்சாட்டுக்கு வருகிறார். கள்ளப்படி, கள்ளத்தராசு. உபதேசியார் மேற்கு ஜன்னலைக் கையால் காட்டினார். குற்றாலத்து மலை பாதி மேகத்துக்குள் நின்றது. "அந்தா நிக்கே, அதுதான் சாட்சி. அது பேசாது. ஆனா பார்த்துக்கிட்டே இருக்கு" என்றார்.

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனதால்தான் பெயர் தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு ஆச்சி, "அண்ணாச்சிக்கு வயித்தக் கலக்குது போலுக்கு" என்றாள். சிரிப்பை அடக்க நாலைந்து பேர் இருமினார்கள்.

அடுத்த சனிக்கிழமை கமிட்டி கூடியது. ஆரம்ப ஜெபத்தில், எங்கள் நடுவில் வந்திருப்பதற்காகக் கடவுளுக்கு ஐயர் நன்றி சொன்னார். பிறகு அண்ணாச்சி பேசினார். அவரா நானா என்பதுதான் சுருக்கம். கோவில் கூரைக்கு ஓடு மாற்றும் வேலை அண்ணாச்சி பொறுப்பில் பாதியில் நின்றது. சபையின் சமாதானத்தை முன்னிட்டு உபதேசியாரைப் பணியிலிருந்து விடுவிப்பது என்று தீர்மானம் ஆயிற்று. 'நீக்குவது' என்பதற்குப் பதில் 'விடுவிப்பது' என்று போட்டது என் கைவேலை. விடுவிப்பதற்குப் பதினேழாவது விதி பொருந்தாது என்று யாராவது கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் உபதேசியார் என் வீட்டுக்கு வந்தார். கையில் நான் கையெழுத்திட்ட தாள்.

"ஐயா, எம் மேல என்ன குத்தம்னு இதுல இல்லயே."

"குத்தம்னு ஒண்ணும் இல்ல உபதேசியாரே. விடுவிப்புதான்."

"கூட்டத்துல ஆரெல்லாம் இருந்தா?"

சொன்னேன். ஐயரைச் சேர்த்து ஏழு பேர்.

"ஜெபம் பண்ணித்தான ஆரம்பிச்சிய?"

"பின்னே?"

"அப்ப அவரும் இருந்திருப்பாரு. அவரு என்ன சொன்னாரு?"

வருகைப் பதிவில் அவர் பெயர் இல்லை என்று சொல்ல வாய் வந்தது.

"கர்த்தருக்கே ஜனத்து மேல கோவம்னா, இன்னது செஞ்சேன்னு முதல்ல குத்தத்தச் சொல்லுதாரு. பதில் சொல்லுங்காரு. சாட்சி வைக்காரு. அதுக்குப் பொறவுதான் தண்டிக்காரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். குத்தத்த எழுத்துல குடுங்க. சபை முன்னால நின்னு நான் பதில் சொல்லுதேன். சொன்னது தப்புன்னா, அங்கனயே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். முப்பது வருடம் விதிகளோடு பழகிய எனக்கு அவர் சொன்னது சட்டப்படி முழுக்கச் சரி என்று தெரிந்தது. தீர்க்கதரிசிகளின் கடவுள் எங்கள் கமிட்டியைவிட நடைமுறை தெரிந்தவர்.

நானே மேல்முறையீட்டு மனுவை எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. குற்றச்சாட்டு தரப்படவில்லை, அவகாசம் தரப்படவில்லை, விசாரிக்கவில்லை என்று மூன்றே பத்தி. விதிப்படி மனு செயலாளர் மூலமாகவே மிஷன் மேலிடத்துக்குப் போக வேண்டும். அதாவது, கமிட்டி செய்தது தவறு என்று சொல்லும் தாள் கமிட்டியின் கைவழியாகத்தான் போகும். எங்களில் யாருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை. உபதேசியாருக்கும் படவில்லை. நேராகத் தபாலில் போடலாமே என்று அவர் வீட்டம்மா சொன்னபோது, "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்று அவளைத்தான் அதட்டினார்.

அண்ணாச்சி பஜாரில் என்னை நிறுத்தினார். "என்னவே, தீர்மானத்தையும் நீரே எழுதுதீரு, மனுவையும் நீரே எழுதுதீராமே?"

"கேட்டவங்களுக்கு எழுதிக் குடுக்கதுதான அண்ணாச்சி நம்ம தொழிலு."

"நல்ல தொழிலுவே. கலியாண வீட்லயும் சாப்பிடலாம், எழவு வீட்லயும் சாப்பிடலாம்."

மனுவின் மேல்தாளில் 'செயலாளரின் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. 'விதி 17 பின்பற்றப்படவில்லை' என்று மூன்று வார்த்தை எழுதியிருந்தால் போதும். மேலிடத்தில் யாராவது புருவத்தையாவது உயர்த்தியிருப்பார்கள். 'மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதினேன். கேட்காத அபிப்பிராயத்தைத் தாளில் எழுதக்கூடாது என்பது அலுவலகப் பழக்கம். பயம் என்று சொன்னால் பெரிய வார்த்தையாகிவிடும். சங்கடம். தினமும் அண்ணாச்சி முகத்தில் விழிக்க வேண்டியவன் நான்.

தொண்ணூறு நாளில் பதில் வர வேண்டும் என்பது இருபத்தொன்றாவது விதி. மனு மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அட்டை வந்தது. பதில் வரவில்லை.

புது உபதேசியார் வந்ததால் பழையவர் சபை வீட்டைக் காலி செய்தார். குற்றாலத்தில் ஒரு அறை பிடித்துக் குடிபோனார்கள். ஞாயிறுதோறும் மூன்று மைல் நடந்து கோவிலுக்கு வந்து, கடைசிப் பாயில் உட்கார்வார். புதியவர் விவரமானவர், கடவுளின் அன்பைப் பற்றி மட்டுமே பேசினார். தீர்க்கதரிசிகள் பக்கமே போகவில்லை. கைப்பிடி அரிசி அதே படியில் அளக்கப்பட்டது. ஆராதனை முடிந்ததும் பழைய உபதேசியார் என்னிடம் வருவார்.

"பதில் வந்துட்டா ஐயா?"

"வரும் உபதேசியாரே."

முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், மூன்றாம் நினைவூட்டல் எல்லாம் அனுப்பினேன். மூன்றுக்கும் நகல் இருக்கிறது. மூன்றிலும் குறிப்புக் கட்டம் காலிதான்.

இப்படி ஒன்றரை வருடம். அறுபதாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஆராதனை முடிந்து வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பதிலைத் தயாராக வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை.

அதற்கு அடுத்த வருடம், சாரல் சமயத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த அதிகாரி ஒருவரை அருவிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. மெயின் அருவிக்குப் போகும் வழியில், குளிக்க வருகிறவர்களின் துணியையும் செருப்பையும் பார்த்துக்கொள்ள ஒருவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். உபதேசியார். பக்கத்தில் அவர் வீட்டம்மா நாட்டுக் கொய்யா கூறு வைத்திருந்தாள்.

"குளிச்சிட்டு வாங்க ஐயா. துணிய நான் பார்த்துக்கிடுதேன்" என்றார். குரலில் மாற்றமே இல்லை.

அதிகாரியை அருவிக்கு அனுப்பிவிட்டு நான் நின்றேன். இன்னொரு நினைவூட்டல் போடலாம் என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா கூறு கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"எண்ணே, நீங்க பதிலு கிதிலுன்னு இவுககிட்ட பேசாதிய. இப்பந்தான் ரெண்டு வாய் சோறு திங்காவ."

"நீ சும்மா இரிட்டி" என்று அவளை அமர்த்திவிட்டு, உபதேசியார் யாருடைய வேட்டியையோ மடித்து வைத்தார். மலையை அவர் பார்க்கவில்லை; அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

"அவரு நம்ம நடுவுல இருக்காருன்னு எத்தனையோ தடவ நானே பிரசங்கம் பண்ணியிருக்கேன். இருந்தாருன்னா, அன்னைக்குக் கூட்டத்துலயும் இருந்தாரு, பார்த்துக்கிட்டுதான் இருந்தாரு. இல்லன்னா, இல்லவே இல்ல. ரெண்டுல எது தேவலன்னு எனக்குச் சொல்லத் தெரியல ஐயா."

அதிகாரி ஈரத்தோடு திரும்பி வந்தார். உபதேசியார் அவர் துணியை எடுத்துக் கொடுத்தார்.

பதில் வந்தது அதற்கு அடுத்த மாதம். நாலு வரி. மனுதாரர் தம் மேல்முறையீட்டுடன் குற்றப்பத்திரிகையின் நகலை இணைக்கவில்லை. அதை இணைத்து, செயலாளர் மூலமாக மறுபடியும் சமர்ப்பித்தால் பரிசீலிக்கப்படும். இப்படிக்கு என்று ஒரு கிறுக்கல்.

தரவில்லை என்று எழுதினால், தராததன் நகலை அனுப்பச் சொல்கிறார்கள். இதற்கும் வழி இருந்தது. கமிட்டி இப்போதாவது ஒரு குற்றப்பத்திரிகை கொடுக்கலாம். அவர் கேட்டதும் அதுதானே. பத்து நிமிடத்தில் நான் எழுதிவிடுவேன். அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் படியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "முடிஞ்சு போனத எதுக்குவே கிண்டுதீரு? அந்த மனுசன் இப்ப கேக்காரா?" என்றார்.

அவர் கேட்கவில்லை என்பது உண்மை. நான் வற்புறுத்தவும் இல்லை. கடிதத்தைக் குற்றாலத்துக்கு எடுத்துப் போகவில்லை. எத்தனையோ சாரலுக்கு அந்த வழியாகப் போயிருக்கிறேன்; துணியைக் கொடுத்திருக்கிறேன்; வாங்கியிருக்கிறேன். பதில் வந்ததை மட்டும் சொல்லவில்லை. உள்வரவுப் பதிவேட்டில் அது முறைப்படி பதிவாகியிருக்கிறது. எதிரே நான் போட்ட தேதி, 1961 ஆகஸ்ட் 17.