களத்து மேட்டில் கழற்றிய செருப்பு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் செருப்பு இன்னும் போலீஸ் ஸ்டேஷனில்தான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். இடது வாரில் நீல நைலான் தையல். தைத்தது நான்.

காட்டுப்பள்ளி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் பத்தாம் ஆண்டு மலரை எழுதும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. முதலாளி படம் பதினொரு பக்கம். அங்கே முன்பிருந்த செங்கழனி என்ற ஊருக்கு ஒரே வரி: ‘இங்கு முன்பு எதுவும் இல்லை.’ கருத்து முதலாளியுடையது. தமிழ் என்னுடையது.

எதுவும் இல்லாத அந்த ஊரில் நெல் விளைந்தது. தர்பூசணி விளைந்தது. வீம்பும் நன்றாக விளைந்தது. நெல்லடிக்கும் களத்தில் செருப்புக்காலோடு ஏறினால் தாசில்தாரையே இறக்கிவிடுவார்களாம்.

இதைச் சொன்னவர் அந்த ஊர் கெங்கம்மா. 2013இல் மண்ணடிக்க லாரிகள் வந்த அன்று, களத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன அவர் கணவர் மண்ணாங்கட்டி திரும்பவில்லை. சாமியாராகப் போயிருப்பார் என்றது கம்பெனி. மலருக்கு எழுதிய வரியை நான் வாசித்துக் காட்டியதும் கெங்கம்மா கேட்டார்:

“பொட்டு வெக்கறதா அழிக்கறதான்னே தெர்லபா. எதுவும் இல்லன்னு எழுதினுகீறியே... எம் புருசன் எங்க கீறாருன்னு எழுதேன்.”

எழுதவில்லை.

போன ஜனவரி. அட்டைப்படம் எடுக்க யார்டுக்குப் போனேன். மாலை 6.10. காய்ந்த காங்கிரீட் தரை. எங்கோ தவளை கத்தியது.

6.14. ஈர வைக்கோல் வாசனை.

6.17.

“செருப்ப கயட்டு.”

பின்னால் ஒரு கிழவர். முழங்கால்வரை சேறு.

“இன்னா முயிக்கிற? களம்பா இது.”

அதட்டலுக்குப் பழகிய உடம்பு. கழற்றினேன்.

காங்கிரீட்... சில்லென்று... அமிழ்ந்தது.

“வூட்ல சொல்லு... இங்கதான் கீறேன்னு.”

திரும்பினேன். யாருமில்லை.

செருப்பும் இல்லை.

வெறுங்காலோடு ஓடினேன். கெங்கம்மாவிடம் போகவில்லை. போனால் மலர் போகும். மலர் அதே வரியோடு வந்தது. முதலாளி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

ஏப்ரலில், விளக்குக் கம்பத்துக்குக் குழி தோண்டினார்கள். எட்டடிக்குக் கீழே பழைய களம். அதில் குந்திய நிலையில் எலும்புகள். இடுப்பில் கிடந்த வெள்ளித் தாயத்தைப் பார்த்து, கெங்கம்மா ஸ்டேஷனிலேயே பொட்டை அழித்தார்.

எலும்புகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. ஒழுங்காகக் கழற்றி வைத்தபடி.

மேலே கிடந்த மண் 2013இல் கொட்டியது. செருப்பின் அடியில் அச்சடித்த வருடம் 2024.

செய்தி கேட்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்த நான் நீல நூலைப் பார்த்தேன். நான் பார்ப்பதை கெங்கம்மா பார்த்தார்.

“ஒன்னுதா நைனா?”

தலையாட்டினேன். ஜனவரியில் கிழவர் கழற்றச் சொன்னதைச் சொன்னேன்.

“அப்ப... மூணு மாசமா ஒனுக்குத் தெரியும்.”