ஈப்போ எந்த ஜில்லா?

என் கல்யாணத்தன்று கறி போடலாமா கூடாதா என்று இரண்டு வீட்டாரும் ஒரு மாதமாக மல்லுக்கட்டினார்கள். அப்பா தஞ்சாவூர்க்காரர். தாலி கட்டுகிற நாளில் கவிச்சி ஆகாது என்பார். மாமனார் சேலத்துக்காரர். கறி இல்லாவிட்டால் அவருக்கு அது விருந்தே இல்லை. கடைசியில் நாங்கள் வேலை செய்த தோட்டத்துக் கங்காணி, கல்யாணம் நடக்கிற ஊரின் வழக்கப்படி செய்யுங்கள் என்று தீர்த்துவைத்தார். கல்யாணம் மலாயாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங் பகுதிக் கோயிலில். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கல்யாணத்தன்று காலையில் மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

"புந்தோங்குல யாரு இருக்கா, சம்மந்தி? எல்லாம் சேலத்து ஆளுங்க. அப்ப ஈப்போ சேலத்து ஊருதானே?" என்றார் மாமனார்.

"கோயில் பூசாரி எந்த ஊரு? எங்க தஞ்சாவூரு!" என்றார் அப்பா.

சமையல்காரர் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தார். கடல் தாண்டி வந்தும் ஜில்லாவை இறக்கி வைக்காத இவர்களை என்ன செய்வது!

அண்டாக்களை வாடகைக்குக் கொண்டுவந்த சீன முதலாளி, தவுக்கே, சிரித்துவிட்டார். "ஈப்போ சீனன் ஊருலா" என்றார், தெரிந்த தமிழில்.

அப்பாவும் மாமனாரும் முதல்முறையாக ஒரே கட்சியானார்கள். "எங்க ஊரை உன் ஊருங்கிறியா?" என்று சேர்ந்தே பாய்ந்தார்கள். தவுக்கே அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் எதிரே இருந்த சீனர் கடையில் ரொட்டியும் கோப்பியும் சாப்பிட்டார்கள். அதுதான் ஈப்போ வழக்கம் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.