நான் சனியாக நின்ற தெரு

அறுபத்திரண்டாம் வருஷம், தை அமாவாசையை ஒட்டி எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடப்போகின்றன, அத்தோடு உலகம் முடிந்தது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. புதுச்சேரிக்காரர்களுக்கு அதில் கூடுதல் சலுகை: கடல் எழுந்து வந்து முதலில் எங்களைத்தான் விசாரிக்கும். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெருக்கோடியில் கடல் தெரியும். கோணல் இல்லாமல் நேராகத் தெரு போட்ட வெள்ளைக்காரன் மேல் அந்த வாரம் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

நான் அப்போது ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரங்கள் எழுதிப் பதிகிறவரிடம், நகல் எழுதும் குமாஸ்தா. பயம் வந்தால் மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள். நான் உயில் எழுதினேன். பெரிய தாளில், தமிழில்தான், ஆனால் பிரெஞ்சு முறைப்படி, எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்க நேர்ந்தால் என்ற ஷரத்து உட்பட. வீடு மகனுக்கு, சுவர்க் கடிகாரம் மகளுக்கு. உலகமே போன பிறகு கடிகாரத்தை அவள் எங்கே மாட்டுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மை காயட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். எட்டு வயது மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள்.

"நான் பள்ளிக்கூடத்துல இருக்கசொல்ல கடல் வந்துட்டா? நீங்கல்லாம் ஒண்ணா இருப்பீங்க. நான் மட்டும் தனியா இருப்பேனே."

பயம் என்னுடையது, சுமப்பது அவள்.

என் மனைவி உயிலை முழுதும் படித்தாள். "கையெழுத்து நல்லா இருக்குது" என்றாள், அவ்வளவுதான். முற்றத்தில் விளக்குமாற்றுக் குச்சியை நட்டு, நிழலைக் கரிக்கோட்டால் குறித்துப் பிள்ளைகளுக்குப் பொழுது சொல்லிக்கொடுத்தவள் அவள். சாத்துக்குடியையும் சிம்னி விளக்கையும் வைத்து ராப்பகலைக் காட்டியவள். 'வீட்டில் வானம் நடக்கிறது, சத்தம் போடாமல் வாருங்கள்' என்று வந்தவர்களிடம் நான் கேலி பேசியதுண்டு.

திங்கட்கிழமை உலகம் முடியவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எங்களைத் தெருவுக்கு அழைத்தாள். வாசற்படியில் மகள், அவள்தான் பூமி. அவள் கண்ணுக்கு இரண்டு விரல் தள்ளிச் சுவரோரம் ஓர் இலந்தைப்பழம், அது சந்திரன். பத்துத் தப்படியில் பித்தளைத் தாம்பாளத்தோடு மகன், சூரியன். அவனுக்குச் சற்று முன்னால் முக்காலியில் புதன் என்று ஒரு மிளகு, பின்னால் சுக்கிரன், செவ்வாய். அறுபதாவது தப்படியில் குரு, பூசணிக்காய்.

"சனி யாரு?" என்று கேட்டேன்.

"நீங்கதான். நூத்திப் பத்துத் தப்படி போங்க."

தலையில் தேங்காய். வளையத்துக்குத் தேங்காயைச் சுற்றி, பானை வைக்கும் பிரிமணை. கடலுக்கு எல்லோரையும்விட நான்தான் பக்கம். அலைமேல் ஒரு கண் வைத்தபடி நின்றேன். கூடையோடு வந்த மீன்காரம்மா நின்றுவிட்டாள்.

"இன்னா சார், வேண்டுதலா?"

"இல்லம்மா. நான் சனி."

"அத உங்க வூட்டம்மாவே சொல்லும், நீ வேற வாய்விட்டுச் சொல்லணுமா?"

மனைவி உயிலைச் சுருட்டிக் குழலாக்கி மகளிடம் கொடுத்தாள். "பாரு."

"எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கினு இருக்குது" என்றாள் மகள். அத்தனை தூரத்தில் நின்ற எனக்கு இதைப் பிறகு மகன்தான் சொன்னான்.

"இப்ப நடந்து போயி ஒவ்வொண்ணா தொட்டுட்டு வா. அடிய எண்ணு."

வந்தாள். சூரியனைத் தொட்டாள், பூசணிக்காயைத் தட்டினாள், எண்ணிக்கொண்டே என்னிடம் வந்து சேரும்போது அவளுடைய சின்ன அடிக் கணக்கில் நூற்று அறுபத்தெட்டு. திரும்பி வீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க யாரையுமே இடிக்கலயே."

"எப்படி இடிப்பேன்? கை எட்டாதே" என்றேன். தேங்காய் விழுந்தது. அவள் சிரித்தாள், நான்கு நாளுக்குப் பிறகு.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் மெல்லக் கேட்டேன். "ஏழுதான் வெச்ச. எட்டாவது, கேது?"

"அது பொருளே இல்லீங்க. கணக்குல வர்ற ஓர் இடம். நீங்க பயந்ததுல ஒண்ணு இல்லவே இல்ல."

இப்படி ஒருத்தியை அருகில் வைத்துக்கொண்டா உயில் எழுதினோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெட்கம் வேறு, பயம் வேறு. கடலை விட்டு மேற்கே தள்ளி, மூலக்குளத்தில் இருந்த என் அத்தை வீட்டுக்குப் போய்விடலாம் என்று, யாரிடமும் சொல்லாமல், ஆள் தள்ளிக்கொண்டு போகும் புஷ்வண்டிக்கு ஏற்பாடு செய்திருந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அது வாசலில் வந்து நின்றது. நான் துணி மூட்டையோடு வெளியே வந்தால், வண்டியில் மகள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"பள்ளிக்கூடம்ணே" என்றாள் வண்டிக்காரரிடம்.

அவர் என்னைப் பார்த்தார். "மூலக்குளம்னு சொன்னீங்களே?"

"அப்பாவுக்குப் பயமா இருக்குது, அதான்" என்று நகர்ந்து இடம் விட்டாள். "ஏறுங்கப்பா. நான் பக்கத்துல இருக்கேன்."

வாசலில் மனைவி வாய்க்குள் சிரித்துக்கொண்டு நின்றாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.