மோப்ப நாய்க்காரர் வீட்டு மருந்து

போலீஸ் துறையில் மோப்ப நாயைப் பிடித்துக்கொண்டு போவதுதான் அவருக்கு வேலை. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் நாய்க்காரர். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. "பதவியில நாய் எனக்கு ஒரு படி மேலங்க. நான் சல்யூட் அடிக்கணும், அது வாலை ஆட்டினா போதும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாய்க்கு அதிகாரி என்றே பெயர் வைத்திருந்தார்.

கஞ்சா பிடிப்பதில் அதிகாரி கெட்டி. லாரியின் அடித்தட்டில் ஒளித்திருந்தாலும் மீன்கூடைக்குள் புதைத்திருந்தாலும் நேராகப் போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிடும். குரைக்காது. உட்கார்ந்தால் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். மோப்பம் பிடித்தது அது, பதக்கம் குத்தியது இவர் சட்டையில். இவர் மூக்கோ வருடம் முழுக்க அடைத்த மூக்கு. அடுப்பில் பால் தீய்ந்தால்கூடத் தெரியாது. ஆனாலும் பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டால், "அந்தச் செடியால் மனிதனுக்கு எள்ளளவும் நன்மை கிடையாது" என்று மேசையைத் தட்டிப் பேசுவார். எந்த ஆராய்ச்சியைப் படித்து அப்படிச் சொன்னோம் என்று இப்போது யோசித்தால் அவருக்கே சிரிப்பு வருகிறது.

இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். அதிகாரியும் வீட்டோடு வந்து சேர்ந்தது.

அவர் மனைவி தையல்காரி. நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய் ஒன்று அவளுக்கு வந்தது. முதலில் கால் மரத்தது, பிறகு கைத்தடி வந்தது. மாலையானால் தொடையும் கெண்டைக்காலும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். நரம்பு டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகள் வலியைவிட அவளைத்தான் அடக்கின. பகலெல்லாம் தூங்கி வழிந்தாள்.

நாய்க்காரர் சும்மா இருப்பாரா? எண்ணெயைச் சுடவைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கட்டை விரலால் எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தானாகவே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார். கொஞ்ச நாளில் முறுக்கு குறைந்தது. மாலை நேரத்தில் அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பழைய பாவாடைக்கு ஓரம் அடிக்கிற அளவுக்குத் தேறினாள். நாய்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"என் கையில என்னமோ இருக்குய்யா" என்று பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற கேஷியரிடம் மார்தட்டினார். அத்தோடு விட்டாரா? கேஷியரின் முழங்காலையும் பிடித்து அமுக்கினார். அது வீங்கிப்போய், மனிதர் இவரைப் பார்க்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அதிகாரி தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தது. விறைப்பாக, காதை நிமிர்த்திக்கொண்டு, இழுப்பறையையே பார்த்தபடி. கூப்பிட்டாலும் வரவில்லை.

"வயசாயிடுச்சு, மூக்கு போச்சு" என்று முடிவுகட்டி, கால்நடை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மூக்கு அருமையா இருக்கு சார். என்ன தொந்தரவு?"

"வீட்டுக்குள்ளயே உட்காருது."

"வீட்டுக்குள்ளயா?" மருத்துவர் டார்ச்சை அணைத்தார். "அப்ப பாக்க வேண்டியது நாயை இல்லீங்க."

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்தார். நூல்கண்டு, பாபின், பித்தான் டப்பா, அதற்குப் பின்னால் ஒரு சின்ன இருமல் மருந்து பாட்டில். இருமலே இல்லாத வீட்டில் எதற்கு இருமல் மருந்து? மூடியைத் திறந்து முகர்ந்தார். அவர் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அதிகாரி நகர்ந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது.

கட்டிலில் இருந்த மனைவி எழுந்து உட்கார்ந்தாள். "தம்பிதாங்க கொடுத்தான். தினம் ரெண்டு சொட்டு, நாக்குக்கு அடியில. அந்தச் செடியோட எண்ணெய்தான்."

அவள் தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வாரம் தவறாமல் வந்து, "மாமா, சும்மா எட்டிப் பாத்தேன்" என்று குசலம் விசாரித்துவிட்டுப் போகிறவன்.

சட்டம், வழக்கு, மானம், மரியாதை எல்லாம் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும். நாய்க்காரர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி வேறு.

"அப்ப என் கை?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்க கை பட்டா உயிர் போற மாதிரி வலிக்குங்க. ஆசையா செய்யிறீங்களேன்னு பொறுத்துக்கிட்டேன்."

சர்வீஸில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவர், அன்றைக்கு அசடு வழிய நின்றார். அந்த அசட்டுத்தனத்தை மறைக்கத்தான் கோபம் வந்தது. "இந்த வீட்டுல இது கூடாது" என்று பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று நினைப்பு.

எங்கே கொட்டுவது? அதிகாரி பின்னாலேயே வந்து, அவர் நின்ற இடத்திலெல்லாம் அவருக்கு முன்னால் உட்கார்ந்தது. சலூன் வாசலில் உட்கார்ந்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தது. எதிரே வந்த இளம் போலீஸ்காரர் சல்யூட் அடித்து, "என்ன சார், அதிகாரி உங்க பையையே பாக்குது?" என்றார்.

"பிஸ்கட்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பாட்டிலைக் கொட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பரண்மேல் வைத்துவிட்டார். அடுத்தடுத்த மாலைகளில் முறுக்கு பழையபடி வந்தது. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கை பரபரத்தது, ஆனால் தொடத் தைரியம் இல்லை. கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறிப் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினார். "ரெண்டு சொட்டுதானே?" என்றார்.

நோயாளிகளுக்குக் கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கலாமா என்று கருத்துக் கேட்க அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது அந்த வருடம்தான். ஓய்வு பெற்ற போலீஸார் சங்கம் எதிர்த்துப் பேச ஒருவரைத் தேடியது. "உங்களை விட்டா யார் இருக்கா? பதக்கத்தைக் குத்திக்கிட்டு வாங்க" என்றார் சங்கத் தலைவர். மாட்டேன் என்று சொன்னால் காரணம் கேட்பாரே என்று பயந்து நாய்க்காரர் தலையாட்டிவிட்டார்.

நகராட்சி மண்டபத்தில் கூட்டம். முதலில் பேசியது அதே நரம்பு டாக்டரம்மா. "நான் எழுதித் தர முடியாது. அதனால நோயாளிங்க வாங்காம இல்ல, தெருவுல வாங்குறாங்க. அதுல என்ன கலந்திருக்கு, எவ்வளவு வீரியம், யாருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் பயம்" என்றார்.

அடுத்து ஒரு ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். "மருந்துன்னு சொல்லிக் கதவைத் திறப்பீங்க. அந்த வழியா வேற எது வரும்னு யார் காவல் இருப்பா? என் பையன் புகைச்சுப் புகைச்சுப் புத்தி கலங்கிப்போய், பெத்த அப்பனையே யாருன்னு கேக்குறான்." நாய்க்காரருக்கு இரண்டு பேர் வார்த்தையும் நியாயமாகப் பட்டது. எழுதி வைத்திருந்த பேச்சு எந்தப் பக்கத்துக்கும் உதவாது என்று தெரிந்தபோது அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நான் பிடிச்சதெல்லாம் மூட்டை மூட்டையா விக்க வந்த சரக்கு. அதைப் பிடிச்சது சரிதான், இன்னைக்கும் பிடிக்கச் சொல்வேன்" என்று ஆரம்பித்தார். சங்கத் தலைவர் தலையாட்டினார். "ஆனா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். அவரு சம்சாரத்துக்குக் கால் முறுக்கிக்கும். எந்த மாத்திரையும் கேக்கல. இதுதான் கேட்டுது. டாக்டர் சீட்டு எழுதி, மருந்துக்கடையில அளந்து கொடுத்தா அவர் எதுக்குங்க பயந்து சாகணும்? பாவம், அவரு எவ்வளவு எண்ணெய் தேய்ச்சும் என் சம்சாரம் வலியிலதான் கிடந்தா…"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. குழுத் தலைவியான நீதிபதியம்மா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தெரிஞ்ச ஒருத்தர்னே எழுதிக்கிறேன். உட்காருங்க" என்றார்.

வெளியே வந்ததும் சங்கத் தலைவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு சங்கக் கூட்டத்துக்கு அழைப்பும் வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர்தான் வாசல்வரை வந்து, "உங்க வீட்டம்மா நல்லா இருக்கட்டும். ஆனா நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். "நீங்க சொன்னதும் தப்பில்லைங்க" என்று நாய்க்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அனுமதி வர வெகுகாலம் பிடித்தது. வந்தபோதும் கதவு முழுசாகத் திறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில், நிபுணர் எழுதிக் கொடுத்தால், சில நோய்களுக்கு மட்டும். நல்லவேளையாக அவளுடைய நோயும் அதில் இருந்தது. வாய்க்குள் அடிக்கும் மருந்தாகக் கொடுத்தார்கள். முதலில் தலை சுற்றியது, டாக்டரம்மா அளவைக் குறைத்ததும் சரியானது. நோய் போகவில்லை, முறுக்குதான் அடங்கியது. மச்சினன் இப்போது நிஜமாகவே சும்மா எட்டிப் பார்க்க வருகிறான்.

ஒருநாள் மாலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கைத்தடியோடு வாசலுக்கு வந்தாள். முனைக்கடையில் தக்காளி வாங்கப் போகிறாளாம். நாய்க்காரரும் அவசரமாகச் சட்டையை மாட்டினார்.

"நீங்க எதுக்கு? நானே போயிட்டு வரேன்."

"விழுந்துட்டா?"

"விழுந்தா கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

அவர் பித்தானைப் போடுவதா கழற்றுவதா என்று தெரியாமல், அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.