தயாவதியின் கடைமடை

திருப்பருத்திக்குன்றத்தில் தயாவதி என்றால் முன்கோபக்காரி என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தால் அவரவர் பெயரும் அதில் வருமே.

கணவர் போனபிறகு அவளுக்கு என்று இருந்தது கடைமடை நிலம் ஒன்றுதான். ஏரி மதகிலிருந்து கிளம்பும் தண்ணீர் எல்லார் வயலையும் நனைத்துவிட்டு, மனசு வந்தால் கடைசியாக வந்து சேரும் இடம் அது. அதனாலேயே தண்ணீர் குறைந்த வருஷங்களில் முதல் தண்ணீர் முறை கடைமடைக்கு என்று ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஜைனக் குடும்பங்களின் நிலம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

ஏரி தூர்ந்துகொண்டே வந்தது. மதகு ஓட்டையானது. சர்க்கார் ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத்தான் தேய்ந்தது. அறுபத்தெட்டில், பட்டாதாரர்களே சங்கம் வைத்து மதகைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தபோது முதலில் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியவள் தயாவதி. நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கியவர்களை எல்லாம் வீடு வீடாகப் போய் இழுத்து வந்தாள். தலைவராக நின்ற கோதண்டபாணிக்கும் அவளே ஆள் சேர்த்தாள். அவர் நிலம் மதகடியில் இருந்தது. அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை.

மதகைப் பழுதுபார்க்கும் செலவுக்குப் பஞ்சாயத்து, ஏரி மீன் குத்தகையைச் சங்கத்துக்கு விட்டுக்கொடுத்தது. பள்ளிக்கூட வாசலில் கூடிய சங்கத்தின் முதல் கூட்டத்தில் கோதண்டபாணி முதல் விஷயமாக மீன் ஏலத்தை வைத்தார். உயிரைக் கொல்ல விலை பேசும் இடத்தில் ஜைனர்கள் உட்காரமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். தயாவதியின் மூத்தார், கணவரின் அண்ணன் அனந்தநாதன், துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். தயாவதியும்தான். வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவி, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டும் முடித்தார்கள். அதற்குள் இங்கே பள்ளிக்கூட வாசலில் இரண்டாவது விஷயம் நிறைவேறிவிட்டது. இனிமேல் தண்ணீர் முறை மதகடியிலிருந்துதான் தொடங்கும்.

அந்த வருஷம் மழை கைவிட்டது. தயாவதியின் சம்பா, பால் பிடிக்கும் நேரத்தில் கருகியது. ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்த்தாள். அத்தனையும் பதர். கோதண்டபாணியின் வயல் பச்சைப்பசேலென்று நின்றது. நேராக அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"நீங்க இருந்து வேணாம்னு சொல்லியிருக்கலாமேம்மா. உங்கள யாரு எழுந்து போவச் சொன்னது?" என்றார் அவர்.

அதைவிட அனந்தநாதன் சொன்னதுதான் அவளைச் சுட்டது.

"போனது நெல்லுதானேம்மா. பாவம் சேரலையே."

அவருக்குக் காஞ்சிபுரத்தில் பாத்திரக் கடை இருந்தது. மதகு திறந்தாலும் மூடினாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். அந்தச் சௌகரியத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் தர்மம் பேசினார். தானும் அவர் பின்னால் எழுந்து போனதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அடுத்த வருஷக் கூட்டத்திலும் முதலில் மீன் ஏலம். அடுத்தது, புது முறையை நிரந்தரமாக்குவது. செவிலிமேட்டு மீன் வியாபாரி பழனி ஏலம் கேட்க வந்திருந்தான். கோதண்டபாணி ஆரம்பித்ததுமே அனந்தநாதன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"உட்காருங்க மாமா," என்றாள் தயாவதி.

"எழுந்திரும்மா. இந்தப் பேச்செல்லாம் நம்ம காதுல விழக்கூடாது."

அவள் எழுந்தாள். நேராக மேசைக்குப் போனாள். ஊர் என்ன பேசினாலும் கணவர் போனபின்பும் கழற்றாமல் வைத்திருந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

"மீன் குத்தகை எனக்கு. பழனி இதுக்கு மேல கேக்கறதுன்னா கேக்கட்டும்."

பழனி சங்கிலியைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "அந்தம்மாவே எடுத்துக்கட்டும்பா," என்று ஒதுங்கிக்கொண்டான்.

கோதண்டபாணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மீன வச்சிக்கினு நீங்க என்னம்மா பண்ணப் போறீங்க?"

"அதுபாட்டுக்கு ஏரியில இருக்கும். ஒருத்தரும் வலை போடக்கூடாது. ஏலம் முடிஞ்சுதுன்னு சொல்லுங்க."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. ஏலம் முடிந்துவிட்டது, ஒரு உயிரும் போகவில்லை. இனி ஜைனர்கள் எழுந்து போவதற்கு என்ன காரணம் இருக்கிறது? கிளம்பியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தார்கள். இரண்டாவது விஷயம் வந்தபோது கடைமடைக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அதைத் தோற்கடித்தார்கள். முதல் முறை பழையபடி கடைமடைக்கே வந்தது.

வெளியே வந்ததும் அனந்தநாதனுக்குக் கண் கலங்கியிருந்தது. "எத்தனை உயிரைக் காப்பாத்திட்டே. பெரிய புண்ணியம்மா. கோயில்ல உன் பேருல ஒரு பூஜை வைக்கிறேன்."

தயாவதி வெறும் கழுத்தோடு நின்றாள். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"மீனுக்காக ஒண்ணும் பண்ணல மாமா. உங்கள உட்கார வைக்க எனக்கு வேற வழி தெரியல. பூஜையெல்லாம் வேணாம். அடுத்த வருஷம் சங்கிலி உங்க வூட்லேருந்து வரட்டும்."